ராத்திரியில் மாறிய போனும் சட்டைப்பையில் அடங்காத போனும்

2025 ஆகஸ்ட்டில் ஒரு காலை, அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா கூப்பிட்டார். தன் போனிலிருந்து அல்ல, பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து.

“எம் போன்ல என்னமோ ஆயிப்போச்சுப்பா. மணி அடிக்குது, எடுக்கத்தான் முடியல. ராத்திரியோட ராத்திரியா யாரோ உள்ள புகுந்து மாத்திட்டாங்க.”

எனக்கு முதலில் பேங்க் கணக்குதான் நினைவுக்கு வந்தது. அம்மாவின் பென்ஷன் வரும் எண் அது. “நெட்டை ஆஃப் பண்ணிட்டு ஓரமா வைங்க, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ஆனால் அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையில் மூன்று பேருக்கு அதே வாரம் அதே கதை நடந்திருந்தது. யாரும் உள்ளே புகவில்லை. போனில் பேசுவதற்கான செயலி தானாகவே அப்டேட் ஆகி, அழைப்புத் திரையின் முகத்தை மாற்றிக்கொண்டது. முன்பு மேலே தள்ளி எடுத்த அழைப்பை இனி பக்கவாட்டில் தள்ளி எடுக்க வேண்டும். பையிலிருந்து போனை உருவும்போது தவறுதலாக அழைப்பு எடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றமாம். சரி, காரணம் நியாயம்தான். எழுபத்து மூன்று வயதுக் கட்டைவிரல் மூன்று வருஷம் பழகி வைத்த பழக்கத்தை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அழைப்புச் செயலியின் செட்டிங்ஸில், வரும் அழைப்பை எப்படி எடுப்பது என்று ஒரு வரி இருக்கிறது. அதில் தள்ளுவதற்குப் பதிலாக ஒரே தட்டில் எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. பொத்தான்களின் உருவமும் பிடிக்காதவர்கள், அந்தச் செயலியின் தகவல் பக்கத்துக்குப் போய் அப்டேட்களை மட்டும் நீக்கினால், அடுத்த அப்டேட் வரும்வரை பழைய முகம் திரும்பும். ஆனால் இந்த வைத்தியத்தை பேங்க் செயலிகளிடம் காட்டாதீர்கள். அங்கே பழையதாகவே வைத்திருப்பது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது போல.

ஊரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் போன் காரியாபட்டி தாண்டுவதற்குள் செத்துப்போனது. 2021இல் 14,500 ரூபாய்க்கு வாங்கியது. காலை ஏழு மணிக்கு நூறு காட்டும், பிற்பகல் இரண்டு மணிக்கு 20. திரையின் ஒரு மூலையில் விரிசல் வேறு. தீபாவளிக்குப் புது போன் வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். அப்படி நினைத்ததுதான் தவறு. அதை அக்கா வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அதைவிடப் பெரிய தவறு.

அக்கா மகன் கோயம்புத்தூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். எந்தக் கம்பெனி எந்த மாதம் என்ன விடுகிறது என்பதெல்லாம் அவனுக்கு நுனிநாக்கில். செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, ஜிஎஸ்டி குறைச்சுட்டாங்க. இப்ப வாங்குனா லாபம்.”

அங்கே எனக்கு ஒரு புள்ளி கிடைத்தது. செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது உண்மை. போனுக்குக் குறையவில்லை. 2020 ஏப்ரலில் 12 இலிருந்து 18 ஆனது, அப்படியே நிற்கிறது. கணக்கு எழுதிப் பிழைப்பவனிடம் வரியைப் பற்றிப் பேசலாமா?

அடுத்து அவன் காட்டியது ஐபோன் ஏர். “5.6 மில்லிமீட்டர், மாமா! பென்சில விட ஒல்லி.” சாம்சங்கின் எஸ்25 எட்ஜ் 5.8. இரண்டும் லட்சத்துக்கு மேல் விலை, வாங்கப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வாதம் வாதம்தான். நான் பேட்டரி எவ்வளவு என்று கேட்டேன். ஏரில் 3,149 மில்லியாம்ப் ஹவர், எட்ஜில் 3,900. என் ஓட்டை போனிலேயே 5,000. ஏரின் பின்பக்கம் ஒரே கேமரா, ஸ்பீக்கரும் காதருகே இருக்கும் ஒன்றுதான். அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு தனி பேட்டரியையும் அந்தக் கம்பெனியே விற்கிறது. “இளைச்சவனுக்குச் சட்டைக்கு மேல சட்டை போட்ட மாதிரில்ல இருக்கு?” என்றேன். அக்கா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவனும் லேசுப்பட்டவன் அல்ல. “மாமா, நீங்க பழசையே புடிச்சுக்கிட்டுப் பேசுறீங்க. பேட்டரியே மாறிப்போச்சு தெரியுமா?” அது நியாயமான வாதம். பேட்டரியின் ஒரு முனையில் கிராஃபைட்டோடு சிலிக்கானையும் சேர்ப்பதால் அதே இடத்தில் கூடுதல் மின்சாரத்தை அடக்க முடிகிறது. 2025இல் இருபதாயிரத்துச் சொச்சம் விலையுள்ள போன்களிலேயே 7,000ஐத் தாண்டிய பேட்டரிகள் வந்துவிட்டன, தடிமனும் பெரிதாக ஏறவில்லை. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் என்பதால் விளம்பரத்தில் இதற்குக் கடைசி வரிதான் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களுக்குத்தான் மேளதாளம்.

உதாரணமாக ஓரங்கள். 2010இல் ஐபோன் 4 தட்டையான ஓரத்தோடு வந்தது. 2014இல் ஐபோன் 6 உருண்டை ஓரத்துக்கு மாறியது, ஊரே உருண்டைக்கு மாறியது. 2020இல் ஐபோன் 12 மறுபடி தட்டை. இந்தப் பக்கம் 2015இல் திரையின் விளிம்பையே வளைத்துக் காட்டிய சாம்சங், 2024இல் எஸ்24 அல்ட்ராவின் திரையைத் தட்டையாக்கியது. பெல்பாட்டம் போய் பென்சில் பேன்ட் வந்து மறுபடி அகலக் கால் வந்த கதைதான். அப்பாவின் கல்யாணப் பேன்ட்டை எடுத்து வைத்திருந்தால் இன்றைக்குப் போடலாம். போனை அப்படி எடுத்து வைக்க முடியாது, பேட்டரி உப்பிவிடும்.

எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராத மாற்றங்கள்தான் எனக்கு எரிச்சல். 2014இல் வந்த சாம்சங் எஸ்5இன் பின்மூடியை நகத்தால் பெயர்த்து பேட்டரியை மாற்றலாம். அந்த போன் தண்ணீரையும் தாங்கும், ஐபி67 சான்று உண்டு. அடுத்த வருஷம் எஸ்6 கண்ணாடி முதுகோடு ஒட்டி மூடப்பட்டு வந்தது. மெமரி கார்டு போனது, பேட்டரியைக் கழற்றும் வசதி போனது, தண்ணீருக்கான சான்றும் போனது. தண்ணீருக்காகத்தான் மூடுகிறார்கள் என்று இன்றைக்கும் கடைக்காரர்கள் சொல்லும்போது எனக்கு எஸ்6தான் ஞாபகம் வரும். பயன்படுத்துகிறவரே மாற்றிக்கொள்ளும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது, சில விலக்குகளோடு. ஐபோனுக்கு டைப்-சி துளை வந்ததும் அவர்கள் போட்ட சட்டத்தின் நிழலில்தான். சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, ஆப்பிள் 2023இலேயே ஐபோன் 15இல் மாறிவிட்டது.

அப்புறம் இயர்போன் துளை. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 மேடையில் அதை எடுத்துவிட்டதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஃபில் ஷில்லர் சொன்ன காரணம் துணிச்சல். மூன்றே வருஷத்தில் சாம்சங்கின் நோட் 10இலும் அது இல்லை. மருமகன் காதில் எப்போதும் ஒயர் இல்லாத இரண்டு பொத்தான்கள்தான், அவனுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல.

“யாரு மாமா இப்ப ஒயர் யூஸ் பண்றா?”

நான் பண்ணுகிறேன். கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பில் கட்டு சரிபார்க்கும்போது எனக்கு கோடை எஃப்எம் வேண்டும், 100.5. கொடைக்கானல் மலை மேலிருந்து வருவதால் மதுரையிலும் விருதுநகர் பக்கத்திலும் கணீரென்று கேட்கும். போனில் இருக்கும் எஃப்எம்முக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா என்பது பலருக்குத் தெரியாது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்வாசி, அதாவது முக்கால் மீட்டர் கம்பி இருந்தாலே அலையை நன்றாகப் பிடிக்கும். இயர்போன் ஒயர் அந்த நீளத்துக்குக் குறையாமல்தான் இருக்கிறது. துளையை அடைத்தபோது பெரும்பாலான போன்களில் ரேடியோவும் சேர்ந்து போனது. ஆப் வழியாகக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், டேட்டா செலவழித்து, பேட்டரி செலவழித்து, நெட் இருந்தால். புயல் மழையில் டவர் விழுந்தால் நெட் இருக்காது, ரேடியோ இருக்கும். எஃப்எம் வசதியுள்ள போன்களில் அதை முடக்கி வைக்கக் கூடாது என்று 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. துளையே இல்லாத போனில் அந்த அறிவுரை எந்த வழியாக நுழையும்?

அன்றைக்கு வாதம் முடியவில்லை. அக்கா சாப்பாடு போட்டாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு யோசனை பிடிபட்டது. எந்த போன் நல்லது என்று அவனும் நானும் பேசுகிறோம், என் கை ஒரு நாளில் போனை என்ன செய்கிறது என்பது எனக்கே தெரியாது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

குறிப்பு எனக்கே ஆச்சரியம். ஒரு நாளைக்கு நாற்பது தடவைக்கு மேல் திறக்கிறேன், அதில் பாதி ஜிபே சத்தம் வந்ததா என்று பார்க்க. ஒரே கையால், மற்றொரு கையில் துணி. ஏழு நாளில் எடுத்த படங்கள் பதினொன்று, அதில் எட்டு பில்லையும் துணி சாம்பிளையும் எடுத்தவை. மூன்று கேமராவில் இரண்டைத் தொடவே இல்லை. ரேடியோ தினமும் இரண்டு மணி நேரம். போன் இருக்கும் இடம் சட்டைப்பை. குனிந்து பண்டல் எடுக்கும்போது இரண்டு தடவை கீழே விழுந்தது.

இந்தச் சட்டைப்பை விஷயத்தை எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை. போன்களை வடிவமைக்கிறவர்கள் பேன்ட் பையை மனதில் வைத்துச் செய்கிறார்கள் போலிருக்கிறது. நம் ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு போன் நெஞ்சில்தான். நான் போடும் சட்டையின் பை ஆழம் ஐந்தரை அங்குலம். 6.7 அங்குலத் திரையுள்ள போன் ஆறரை அங்குல உயரம் இருக்கும், ஓர் அங்குலம் வெளியே எட்டிப் பார்க்கும். குனிந்தால் தலைகீழாக இறங்கும். கேமரா மேடு மேல்பக்கம் இருப்பதால் கனமும் அங்கேதான். டவுன்ஹால் ரோட்டில் போன் பார்க்கப் போனபோது ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் போட்டுக் குனிந்து பார்த்தேன், கையைக் கீழே ஏந்திக்கொண்டு. கடைப்பையன் முதலில் சிரித்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தன் போனை எடுத்து அதையே செய்ய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டான்.

அதே கடையில் இன்னும் சிலதைச் செய்து பார்த்தேன். காட்சிக்கு வைத்த போனை மேஜையில் மல்லாக்க வைத்து மூலையில் டைப் செய்தேன், கேமரா மேட்டால் தொட்டில் மாதிரி ஆடியது. கவர் போட்டால் ஆட்டம் குறையும் என்றான் பையன். அப்படியானால் 7.9 மில்லிமீட்டர் என்று அவர்கள் எழுதிப் போட்ட ஒல்லியைக் கவர் விழுங்கிவிடுகிறதே. விரல்ரேகைக்கு வந்தால், திரைக்கு அடியில் இருப்பது பார்க்க அழகுதான். மலிவான போன்களில் அது வெளிச்சம் அடித்து விரலைப் படம் எடுக்கும் வகை. மேலே தடித்த டெம்பர் கிளாஸ் ஒட்டினால் தடுமாறும், ஒட்டிய பிறகு விரலைப் புதிதாகப் பதிய வேண்டும். அம்மா மாதிரிப் பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல்களுக்குப் பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பதே மேல். முகத்தைக் காட்டித் திறப்பது இந்த விலை போன்களில் வெறும் முன்கேமரா வேலை, பேங்க் செயலிகள் பொதுவாக அதை நம்புவதில்லை.

கேமரா ஆடாமல் படம் எடுக்க லென்ஸே நகரும் வசதி உள்ள போனை பைக் ஹேண்டிலில் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு அந்த நுட்பத்தைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எழுதி எச்சரித்தது. சட்டைப்பைதான் நல்லது, விழாமல் இருந்தால்.

கடைசியில் அன்று போன் வாங்காமல் வெளியே வந்து, ஒரு சர்வீஸ் கடையில் 1,450 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினேன். லித்தியம் பேட்டரி ஐந்நூறு தடவை முழுசாக ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 சதவீதம் பக்கம் வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. என்னுடையது நாலு வருஷத்தில் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், அதுவும் மதுரை வெயிலில், ராத்திரி தலையணை ஓரத்தில் சார்ஜ் ஏறியபடி. பேட்டரி மாற்றிய அன்று இரவு பத்து மணிக்கு 46 சதவீதம். மருமகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஜெயித்த மாதிரித்தான் இருந்தது.

அவன் ஒரே வரியில் பதில் போட்டான்: “செக்யூரிட்டி அப்டேட் தேதி பாருங்க மாமா.”

பார்த்தேன். 2024 ஏப்ரல். ஒன்றரை வருஷமாக அந்த போனுக்கு ஓட்டை அடைக்கும் வேலையே நடக்கவில்லை. கடையின் கணக்கும் என் சம்பளமும் அதில்தான் ஓடுகின்றன. துளை, ஓரம், ஒல்லி என்று மூன்று வாரம் வாதாடிய நான், போனை மாற்றுவதற்கு இருந்த ஒரே உருப்படியான காரணத்தைப் பார்க்கவே இல்லை. நீங்களும் இப்போதே செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் அந்தத் தேதியைப் பாருங்கள். சில மாதங்கள் பின்னால் இருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் தாண்டியிருந்து, போனில் பணம் புழங்கினால் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தேடல் சுருங்கியது. 2023இல் கூகுள் பிக்சல் 8க்கும் 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்தார்கள், அவை விலை கூடியவை. 2024 கடைசியில் சாம்சங் ஏ16 மாதிரியான சாதாரண போனுக்கே ஆறு வருஷம் என்றார்கள். பதினைந்தாயிரத்தை ஆறால் வகுத்தால் வருஷத்துக்கு 2,500. இருபத்தைந்தாயிரம் போட்டு இரண்டு வருஷ அப்டேட் வாங்குவதைவிட இது தேவலை. வாங்கும்போது அந்த வருஷக் கணக்கு போன் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தள்ளுபடியில் வரும் போன வருஷ மாடலில் ஒரு வருஷம் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

அந்த ரகத்தில் ஒன்றைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வாங்கினேன். எக்ஸ்சேஞ்சில் என் பழைய போனுக்கு 2,300 என்று திரையில் காட்டினார்கள், மூலை விரிசலைப் பார்த்ததும் 700 ஆனது. 1,450 ரூபாய் பேட்டரியை உள்ளே வைத்து 700க்குக் கொடுக்க நான் தயாராக இல்லை, வீட்டுக்கே கொண்டு வந்தேன்.

புது போனில் இயர்போன் துளை இல்லை. மருமகனிடம் இதை நானாகச் சொல்லவில்லை, அவனாகத்தான் கண்டுபிடித்தான். பெட்டியில் சார்ஜரும் இல்லை. 150 ரூபாய்க்கு ஒரு டைப்-சி இணைப்பான் வாங்கினேன், சத்தமே வரவில்லை. விசாரித்தால் அதில் இரண்டு வகையாம். வெறும் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது ஒன்று, டிஜிட்டல் ஒலியை மாற்றும் டிஏசி என்ற சிப் உள்ளே இருப்பது இன்னொன்று. என் போனுக்கு இரண்டாவது வகைதான் வேலை செய்யும். கடையில் ‘டிஏசி உள்ளதா’ என்று கேட்டு, போனில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பாட்டு வந்தது. கோடை எஃப்எம் வரவில்லை, வரவும் வராது.

பழைய போனை அம்மாவுக்குக் கொண்டு போனேன். பேங்க் செயலிகளை முன்பே நீக்கி, எல்லாவற்றையும் அழித்து, சிம் இல்லாமல், வைஃபை இல்லாமல். அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்து, இயர்போனைச் சொருகி, ஒயரை நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டு, ஸ்பீக்கரில் 100.5 வைத்தேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சற்று நேரம் கேட்டார்.

“இதுல நெட்டு கிட்டு எதுவும் இல்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப ராத்திரி யாரும் வந்து மாத்த மாட்டாங்க.”